அப்பாவின் ஃபிளாஷ்

கேள்வி: அப்பா கல்யாண வீடுகளில் படம் எடுத்த காலத்து ஃபிளாஷ் ஒன்று பரணில் கிடைத்தது. பேட்டரி போட்டால் எரிகிறது. என் டிஜிட்டல் கேமராவில் மாட்டலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் மல்டிமீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றில், கேமராவைத் தொடும் முனையிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அந்தக் கால பிலிம் கேமராவில் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுப் பிரியும், அவ்வளவுதான், அது தாங்கியது. டிஜிட்டலில் அந்த வேலையைச் செய்வது மின்னணு சுவிட்ச். 250 வோல்ட் தாங்கும் கேமராவும் உண்டு, 6 வோல்ட்டுக்கு மேல் ஆகாததும் உண்டு. உங்களுடையது எது என்று கையேட்டில் பாருங்கள்.

அளப்பது எளிது. ஃபிளாஷின் ரெடி விளக்கு எரிந்ததும், மீட்டரை டிசி 600 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை அடியிலுள்ள நடுப்புள்ளியிலும் மற்றதைப் பக்கவாட்டு உலோகத்திலும் வையுங்கள். விரல் படவேண்டாம். ஃபிளாஷைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர் நன்றாகவே உதைக்கும்.

அளவு சரியென்றால் தாராளமாக மாட்டுங்கள். கேமராவை மேனுவலில் வைத்து, ஷட்டர் 1/125. அவசரத்தில் 1/500 வைத்தால் படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். தலை திரும்புகிற மாடலா? நேராக முகத்தில் அடிக்காமல் வெள்ளைக் கூரையில் அடியுங்கள். பட்டுப்புடவையின் ஜரிகை வெளுத்துப்போகாமல் இழை இழையாகத் தெரியும். வெளிச்சம் குறையும்தான், ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றிக்கொள்ளலாம்.