எண்ணிக்கை வேறு, பயன் வேறு
எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் சுகாதார ஊழியர் பெறும் பயிற்சி

பால் நிறுக்கும் இடத்தில் நாள்தோறும் நடைபெறும் ஒரு காரியத்தை நம் வாசகர்கள் நன்கறிவர். வாளியில் வந்த பாலை நிறுத்தவுடன் கணக்கு முடிந்துவிடுவதில்லை. அந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று சோதித்த பின்னரே கணக்கு முழுமை பெறுகிறது. மழைநீர் கலந்த பால் நிறையில் கூடும், ரப்பரில் கூடாது. நிறை ஒன்று; அதிலிருந்து கிட்டும் பயன் மற்றொன்று.

சுகாதாரப் பணிக்கும் இது பொருந்தும். எத்தனை பேருக்கு இரத்தப் பரிசோதனை செய்தோம், எத்தனை கூட்டங்கள் நடத்தினோம் என்பன வாளியின் நிறை போன்றவை. எத்தனை பேர் நோயினின்று காக்கப்பட்டனர் என்பதே காய்ந்த ரப்பர். இந்த வேறுபாட்டை உணர்ந்து பணியை அளந்து பார்க்க மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் மருத்துவ உதவியாளர்களுக்கும் தனிப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அப்பயிற்சியில் என்ன கற்பிக்கப்படுகிறது, அதனால் நமக்கு என்ன நன்மை என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

கிருமியைப் பற்றிச் சில சொற்கள்

எச்.ஐ.வி. என்பது உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலைச் சிறிது சிறிதாக அழிக்கும் கிருமி. சிகிச்சையின்றி விட்டால் பல ஆண்டுகளில் அது எய்ட்ஸ் என்னும் நிலைக்குக் கொண்டுபோகும். பாதுகாப்பற்ற உடலுறவு, ஊசியைப் பகிர்ந்துகொள்ளுதல், கிருமியுள்ள இரத்தம், தாயிடமிருந்து குழந்தை ஆகிய வழிகளில் அது பரவும். ஒரே தட்டில் உண்பதாலோ, கை குலுக்குவதாலோ, கொசுக்கடியாலோ பரவாது. கிருமியை முற்றாக ஒழிக்கும் மருந்து பொதுப் பயன்பாட்டில் இல்லை. எனினும், நாள் தவறாமல் உண்ணும் மருந்து அதனை அடக்கி வைக்கும். இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையிலேயே இருந்தால், உடலுறவின் வழி மற்றவருக்கு அது பரவுவதில்லை.

கண்காணிப்பும் மதிப்பீடும்

இவ்விரு சொற்களையும் பலர் ஒன்றாகக் கருதுவர். அவை ஒன்றல்ல. திட்டமிட்டபடி பணி நடைபெறுகிறதா என்று இடைவிடாது பார்த்துக் குறித்து வருவது கண்காணிப்பு. அப்பணியால் விளைந்தது என்ன, விளையாமற் போனது ஏன் என்று ஒரு கால எல்லைக்குப் பின் ஆராய்ந்து தீர்மானிப்பது மதிப்பீடு. நாள்தோறும் பால் கணக்கு எழுதுவது முன்னதற்கு ஒப்பு. ஆண்டு முடிவில் எந்த மலையில் விளைச்சல் குறைந்தது, அதற்கு மரத்தின் வயது காரணமா, பட்டையில் நோய் காரணமா என்று ஆராய்வது பின்னதற்கு ஒப்பு. கணக்கு எழுதாதவர் ஆராய இயலாது; ஆராயாதவர் எழுதிய கணக்கால் பயனில்லை.

2004ஆம் ஆண்டில் உலக நாடுகள் இதன் தொடர்பில் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டன. ஒரு நாட்டில் எச்.ஐ.வி. பணிக்கு ஒரே செயல் திட்டம், ஒரே ஒருங்கிணைப்பு அமைப்பு, ஒரே கண்காணிப்பு மதிப்பீட்டு முறை இருத்தல் வேண்டும் என்பதே அது. உதவி தரும் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னதால், பல நாடுகளில் தாதியர் நோயாளியைக் கவனிக்க வேண்டிய நேரத்தைத் தாள்களில் செலவிட்டனர். அக்குறையைக் களைவதும் இக்கொள்கையின் நோக்கங்களுள் ஒன்று.

கணக்கு வழிகாட்டிய விதம்

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986ஆம் ஆண்டில் பதிவாயிற்று. அதன்பின் எண்ணிக்கை ஏறி, 2002ஆம் ஆண்டில் மட்டும் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. வெறும் தொகையைக் கண்டு அஞ்சியிருந்தால் வழி பிறந்திராது. யாருக்கு, எவ்வழியில் தொற்றியது என்று பிரித்துப் பார்த்தபோது, போதைப்பொருளை ஊசியில் ஏற்றுவோர் ஒரே ஊசியைப் பகிர்வதே அப்போது பெருங்காரணம் எனத் தெரிந்தது. ஆகவே 2005ஆம் ஆண்டில் மெத்தடோன் மாற்று மருந்துத் திட்டமும், 2006ஆம் ஆண்டில் பழைய ஊசியைப் பெற்றுப் புதிய ஊசி வழங்கும் திட்டமும் தொடங்கப்பட்டன. எதிர்ப்புகள் எழாமலில்லை. ஆயினும் ஊசி வழித் தொற்று ஆண்டுக்காண்டு குறைந்ததைப் பதிவேடுகள் காட்டின. 2018ஆம் ஆண்டில் புதிய தொற்றுகள் 2002ஆம் ஆண்டின் தொகையில் பாதிக்கும் குறைந்திருந்தன.

அதே பதிவேடுகள் மற்றோர் உண்மையையும் உணர்த்தின. ஊசி வழித் தொற்று குறைந்த பின்னர், புதிய தொற்றுகளில் மிகப் பெரும்பகுதி உடலுறவு வழியே நேர்கிறது. கணக்கை நிறுத்தியிருந்தால் பழைய வழியை அடைத்துவிட்ட மகிழ்ச்சியில் புதிய வழியைக் காணாதிருந்திருப்போம்.

பயிற்சியில் கற்பிக்கப்படும் பாடங்கள்

முதற் பாடம், படிகளைப் பிரித்தறிதல். பணமும் ஆளும் மருந்தும் முதற்படி. அவற்றைக் கொண்டு செய்யும் வேலை இரண்டாம் படி. அவ்வேலையால் உடனே கிட்டும் எண்ணிக்கை மூன்றாம் படி. மக்களின் நடைமுறையில் ஏற்படும் மாற்றம் நான்காம் படி. நோய் குறைவது ஐந்தாம் படி. ஓராயிரம் ஆணுறைகள் வழங்கப்பட்டன என்பது மூன்றாம் படியைச் சேர்ந்தது. அவை பயன்படுத்தப்பட்டனவா என்பது நான்காம் படி. மூன்றில் நின்றுகொண்டு ஐந்தை அடைந்துவிட்டதாக எழுதலாகாது.

இரண்டாம் பாடம், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்டல். கிளினிக்குக்கு வந்த 200 கருவுற்ற தாய்மாரும் பரிசோதிக்கப்பட்டனர் என்றால் நூற்றுக்கு நூறு என்று எழுதத் தோன்றும். ஆனால் அவ்வட்டாரத்தில் கருவுற்றிருந்தோர் 250 பேராயின், நூற்றுக்கு 80 பேரே பரிசோதனை பெற்றவராவர். வராத ஐம்பது பேர் யார்? தொலைவு காரணமா, ஒரு நாட் சம்பளம் போகும் என்ற கவலையா, தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியவரா? இக்கேள்விகளைக் கேட்கத் தூண்டுவதே பயிற்சியின் உயிர்நாடி.

மூன்றாம் பாடம், தொடர்ந்து பின்பற்றுதல். எச்.ஐ.வி. உள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேர் தம் நிலையை அறிந்திருத்தல். அவர்களில் நூற்றுக்கு 95 பேர் மருந்து உண்ணுதல். அவர்களில் நூற்றுக்கு 95 பேருக்குக் கிருமி அடங்கியிருத்தல் என்பது ஐக்கிய நாட்டு எய்ட்ஸ் அமைப்பு 2025ஆம் ஆண்டுக்கு வகுத்த இலக்கு. மூன்றும் நிறைவேறினாலும், நூறு பேரில் ஏறத்தாழ 86 பேருக்கே கிருமி அடங்கியிருக்கும் என்பதைப் பெருக்கிப் பார்த்தால் அறியலாம். ஒவ்வொரு படியிலும் சிலர் நழுவிவிடுகின்றனர். இறந்தவர் யார், வேறு மருத்துவமனைக்கு மாறியவர் யார், காரணம் தெரியாமல் நின்றவர் யார் என்று பிரித்தெழுதாத பதிவேடு அவர்களைக் கண்டுபிடிக்க உதவாது.

நான்காம் பாடம், பதிவைச் சரிபார்த்தல். ஒருவரே ஈரிடங்களில் பரிசோதனை செய்துகொண்டால் இருவராகக் கணக்கிடப்படலாம். மாத அறிக்கையில் உள்ள தொகையும் கிளினிக்கின் பதிவேட்டில் உள்ள தொகையும் ஒத்திருக்கின்றனவா என்று நேரில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை கற்பிக்கப்படுகிறது. குறைந்த எண்ணைக் காட்டியவரைக் கடிந்துகொண்டால் அடுத்த மாதம் எண் கூடும்; பணி கூடாது. ஆகவே குறையை உள்ளபடி எழுதும் ஊழியரைப் பாதுகாக்க வேண்டியது மேலதிகாரியின் கடமை என்பதும் இப்பாடத்தின் பகுதியே.

ஐந்தாம் பாடம், இரகசியம் காத்தல். மேலிடத்துக்குச் செல்லும் கூட்டுக் கணக்கில் பெயருக்கு இடமில்லை. பெயருள்ள பதிவேடு பூட்டி வைக்கப்பட வேண்டும். உரியவர் தவிர மற்றவர் பார்க்கலாகாது. ஒருவருடைய நிலை லயத்து வாசலில் பேசப்படுமாயின், அடுத்த பத்துப் பேர் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். அப்போது கணக்கும் பொய்த்துப்போகும், உயிரும் போகும்.

தாயும் சேயும்

இப்பாடங்கள் அனைத்தும் ஒருங்கே பயன் தந்த ஒரு துறை உண்டு. அரசாங்கக் கிளினிக்குகளில் கருவுற்ற தாய்மாருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் திட்டம் 1998ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. கிருமி காணப்பட்ட தாய்க்கு மருந்தும், பிறந்த குழந்தைக்கு மருந்தும் கொடுக்கப்பட்டன. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2018ஆம் ஆண்டில், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸ் நோயும் பரவுவதை ஒழித்த நாடு என மலேசியாவை உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. அந்நிறுவனத்தின் மேற்கு பசிபிக் வட்டாரத்தில் இச்சிறப்பைப் பெற்ற முதல் நாடு இதுவே.

அந்த அங்கீகாரம் வாய்ச்சொல்லுக்குக் கிட்டியதன்று. எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை, கருவுற்ற தாய்மாரில் நூற்றுக்கு 95 பேராவது மருத்துவப் பராமரிப்புக்கு வந்திருத்தல் வேண்டும். 95 பேராவது பரிசோதனை பெற்றிருத்தல் வேண்டும். கிருமியுள்ள தாய்மாரில் 95 பேராவது மருந்து உண்டிருத்தல் வேண்டும். உயிருடன் பிறக்கும் ஓர் இலட்சம் குழந்தைகளில் இவ்வழித் தொற்று ஐம்பதைத் தாண்டலாகாது. இவற்றைப் பதிவேடுகளைக் கொண்டே நிறுவ வேண்டும். ஆய்வுக்கூடத்தின் தரமும், பெண்களின் உரிமை மதிக்கப்பட்டதா என்பதும்கூட ஆராயப்படும். எங்கோ ஒரு சிறு கிளினிக்கில் ஒரு தாதி ஒழுங்காக எழுதிய ஒவ்வொரு வரியும் அந்தத் தீர்ப்புக்குச் சான்றாக நின்றது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு வரி விடுபட்டிருந்தால் ஒரு தாய்க்கு மருந்து தவறியிருக்கலாம். ஒரு குழந்தை வாழ்நாள் முழுவதும் அதன் பளுவைச் சுமந்திருக்கலாம்.

நாம் செய்ய வேண்டுவன

தாதியோ மருத்துவ உதவியாளரோ கேள்வி கேட்கும்போது நம்மை வேவு பார்ப்பதாக எண்ணலாகாது. கூச்சத்தால் பொய்யான விடை கூறினால், தவறான இடத்துக்கு மருந்தும் ஆளும் போய்ச் சேரும். வேறு தோட்டத்துக்கோ பட்டணத்துக்கோ மாறிச் செல்வோர், சிகிச்சை பெறும் கிளினிக்கில் அதனைத் தெரிவித்து மாற்றுக் கடிதம் பெற்றுச் செல்லுதல் நன்று. கருவுற்ற பெண்கள் தொடக்க மாதங்களிலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். அதே வேளையில், இத்தகவல் எதற்காக, யார் பார்ப்பார்கள் என்று கேட்டறிவது நம் உரிமை. பயிற்சி பெற்ற ஊழியர் அக்கேள்விக்கு முகஞ்சுளிக்காமல் விடையளிப்பார். பரிசோதனை செய்துகொள்ள விரும்புவோர் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கை நாடலாம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஒரு வட்டாரத்தில் நூறு பேருக்கு எச்.ஐ.வி. உள்ளது. அவர்களில் 80 பேர் தம் நிலையை அறிவர். 60 பேர் மருந்து உண்கின்றனர். 54 பேருக்குக் கிருமி அடங்கியுள்ளது. மருந்து உண்போரை மட்டும் கொண்டு கணக்கிட்டால் நூற்றுக்கு 90. அனைவரையும் கொண்டு கணக்கிட்டால் எவ்வளவு? எந்தக் கணக்கு உண்மை நிலையைக் காட்டுகிறது?

2. பரிசோதனை எண்ணிக்கை ஓராண்டில் இரு மடங்காயிற்று. இதனால் நோய் குறைந்தது என்று கூற இயலுமா? வேறு எவற்றை அறிய வேண்டும்?

3. நம் தோட்டத்திலிருந்து கிளினிக்குக்குச் செல்லாத தாய்மார் உளரா? அவர்களைத் தடுப்பது எது?

முதல் இரு வினாக்களுக்கும் விடை இப்பாடத்தில் உண்டு. மூன்றாவதற்கு விடை நம் லயங்களில் உள்ளது. அதனைக் கண்டறிந்து கிளினிக்குக்கு எடுத்துச் சொல்வோர், பயிற்சி பெறாமலேயே அப்பணியில் பங்கு கொண்டவராவர்.