என்டர் தட்டினால் எங்கே போகிறது? – பில் போடும் கணினி பற்றி ஒரு பாடம்



நாங்கள் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர்கள். குறிப்பில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்துப் பழகியவர்கள். காரைக்குடியில் எங்கள் மொத்தக் கடைக்குள் கணினி பிற்பாடுதான் வந்தது. அப்படிப்பட்ட நாங்கள் கணினிப் பாடம் எழுத முன்வந்ததற்குக் காரணம் 1,080 ரூபாய்.

2019ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம். மாலையில் பெட்டியை எண்ணினால் 1,080 ரூபாய் குறைகிறது. பெட்டியடியில் இருந்தவர் எங்களிடம் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். மூன்று முறை எண்ணினார், அதே குறைவு. நாங்கள் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தோம், அவ்வளவுதான். "நாளைக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள், முதலாளி" என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரவு பில்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்போதுதான் விஷயம் புரிந்தது.

முன்பு திரையில் விலை, வண்டிச்சத்தம், ரொக்க வரவு என்று கட்டங்கள் இருந்தன. அன்று காலை நிரல் எழுதுபவர் வந்து, விலைக்கும் வண்டிச்சத்தத்துக்கும் நடுவே 'தள்ளுபடி' என்று ஒரு புதுக் கட்டம் வைத்துக் கொடுத்தார். பார்வைக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் விலையில் என்டர் தட்டினால் கர்சர் தள்ளுபடிக்குப் போகாமல், பழைய வழக்கப்படி வண்டிச்சத்தத்துக்குப் போயிற்று. பில் போடும் பையன் சீட்டைப் பார்த்துத் தட்டுபவன், திரையைப் பார்ப்பதில்லை. தள்ளுபடி 50 ரூபாய் வண்டிச்சத்தத்தில் விழுந்தது. வண்டிச்சத்தம் 120 ரூபாய் ரொக்க வரவில் விழுந்தது. தள்ளுபடிக் கட்டம் கடைசியில் காலியாகக் கடந்து போயிற்று.

அவையெல்லாம் கடன் பில்கள். சரக்கு விலைக்கு மேல் 70 ரூபாய் பாக்கி நிற்க வேண்டியது, 70 ரூபாய் குறைந்து நின்றது. பில்லுக்கு 140 ரூபாய் பாக்கியில் நட்டம். அதோடு, வராத 120 ரூபாய் பெட்டிக்கு வந்ததாகக் கணக்கு. தேவகோட்டைத் தடத்தில் ஒரே வண்டியில் போன ஒன்பது பில்கள் அப்படி. ஒன்பது நூற்றிருபது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

காரணம் என்ன?

திரையில் கட்டங்கள் எத்தனை இருந்தாலும், விசைப்பலகையில் தட்டுவது ஒரு நேரத்தில் ஒரே கட்டத்துக்குத்தான் போகும். கர்சர் துடிக்கும் அந்தக் கட்டத்தில் 'ஃபோகஸ்' இருக்கிறது என்பார்கள். கையில் பேனா ஒன்றுதான். அது எந்தக் கட்டத்தின் மேல் நிற்கிறது என்பதே கேள்வி.

கட்டம் விட்டுக் கட்டம் போக விண்டோஸில் உள்ள விசை டேப். ஷிஃப்டும் டேப்பும் சேர்த்தால் பின்னோக்கிப் போகலாம். எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம் என்பதை, விஷுவல் பேசிக் போன்ற நிரல் மொழிகளில், 'டேப் இண்டெக்ஸ்' என்ற எண் தீர்மானிக்கிறது. அது 0, 1, 2 என்று ஓடும். புதிதாக ஒரு கட்டம் வரைந்தால், அதைத் திரையில் எங்கே வைத்தாலும், கடைசி எண்தான் தானாகக் கிடைக்கும். கண்ணுக்கு நடுவில் இருப்பது கர்சருக்குக் கடைசியில் இருக்கும். எங்கள் கடையில் நடந்தது இதுவே.

என்டர் விசைக்கு விண்டோஸில் வேலை வேறு. 'சரி' அல்லது 'பதிவு செய்' என்ற பொத்தானை அழுத்துவதற்கே அது பெரும்பாலும் பயன்படும். நம் வணிகர்களுக்கோ வலது கைப்பக்க எண் விசைகளில்தான் வேலை. அங்கே டேப் கிடையாது, என்டர் உண்டு. பெங்களூரில் 1986இல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்தின் டேலி மென்பொருளில் என்டர் தட்டினால் அடுத்த கட்டம். பின்னால் வர பேக்ஸ்பேஸ். முழுப் பதிவையும் ஏற்கக் கன்ட்ரோலும் ஏ-யும். டேலியில் பழகிய கை எந்த மென்பொருளிலும் என்டரைத்தான் தேடும். ஆகவே, நமக்கென்று தனியாக நிரல் எழுதிக் கொடுப்பவர் என்டரை டேப் போல வேலை செய்ய வைக்க வேண்டும்.

நிரல் எழுதுபவரிடம் கேட்டுப் பெற வேண்டியவை:

1. என்டர் விசையின் எண் 13. அது வந்ததும் அடுத்த கட்டத்துக்கு ஃபோகஸை மாற்றிவிட்டு, அந்த 13ஐ அங்கேயே விழுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தட்டலுக்கும் கணினி 'டிங்' என்று ஒலிக்கும்.

2. கணினியே போடும் மொத்தம், வரி ஆகிய கட்டங்களில் கர்சர் நிற்கக் கூடாது. 'டேப் ஸ்டாப்' என்பதை அவற்றுக்கு நிறுத்திவிடலாம்.

3. கட்டத்துக்குள் நுழைந்ததும் பழைய எண் முழுவதும் தேர்வாகி நிற்க வேண்டும். இல்லையேல் 50 இருக்கும் இடத்தில் 60 தட்டினால் 5060 ஆகிவிடலாம்.

4. தவறான பதிவை அந்தக் கட்டத்திலேயே தடுக்க வேண்டும். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. தமிழ்நாட்டு வணிகருக்கு 33 என்று தொடங்கும். ஆனால் வெளியே வர வழியும் வேண்டும். தடுத்தே வைத்தால் எண் கையில் இல்லாதபோது பில்லை விட்டு நகர முடியாது. இரண்டு கட்டங்கள் ஒன்றையொன்று தடுத்தால் கர்சர் இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும்.

5. பார்கோடு படிக்கும் கருவி எண்ணைத் தட்டிவிட்டுப் பெரும்பாலும் கடைசியில் தானே ஒரு என்டரும் தட்டும். அந்த என்டர் 'பதிவு செய்' பொத்தானுக்குப் போனால், முதல் சாமானோடு பில் முடிந்துவிடும். சில்லறைக் கடைக்காரர்கள் இதை அவசியம் கவனிக்கவும்.

நாமே செய்யும் சோதனை

இதற்கு நிரல் தெரிய வேண்டியதில்லை. மாதிரிக் கணக்கு ஒன்றைத் திறந்துகொண்டு, மவுஸை ஒதுக்கி வையுங்கள். திரையைப் பார்க்காமல் 1 தட்டி என்டர், 2 தட்டி என்டர், 3 தட்டி என்டர் என்று எண் போடும் கட்டங்கள் முடியும்வரை போங்கள். பிறகு பாருங்கள். உங்கள் சீட்டில் உள்ள வரிசைப்படி 1, 2, 3 உட்கார்ந்திருந்தால் சரி. ஒரு எண் இடம் மாறியிருந்தாலும் அன்று பில் போட வேண்டாம். மென்பொருளில் சிறு மாற்றம் செய்தாலும், நிரல் எழுதியவர் கடையை விட்டுப் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மறுநாள் காலை நாங்களே அவர் வீட்டுக்குப் போய், ஒன்பது பில்களையும் காட்டிச் சாவியைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். ஒன்பது கடைக்காரர்களும் திருத்திய பில்லை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள், நட்டம் நேரானது. அந்த மாலை நாங்கள் பார்த்த பார்வையைத் திருத்த மட்டும் எந்தப் பில்லும் இல்லை. பெட்டி குறைந்தால் ஆளைப் பார்ப்பதற்கு முன் திரையைப் பாருங்கள் என்று சங்க உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.