‘அண்டர் தி இம்ப்ரெஷன்’ எழுதப் போகிறீர்களா?

பள்ளிக்கூடம், வங்கி, அபார்ட்மென்ட் சங்கம் என்று ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது நம்மில் பலருக்கும் கைவரும் தொடர் இது. கொஞ்சம் பார்த்து எழுதினால் காரியம் கெடாது.

1. ‘ஐ வாஸ் அண்டர் தி இம்ப்ரெஷன்’ என்றால், ‘நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்’ என்று பொருள். நினைத்தது தப்பு, அல்லது தப்பாக இருக்கலாம் என்பது சொல்லாமலே அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2. அதனால், நிச்சயமாகத் தெரிந்த விஷயத்துக்கு இது ஆகாது. லீவ் லெட்டரில் ‘ஐ ஆம் அண்டர் தி இம்ப்ரெஷன் தட் மை சன் ஹேஸ் ஃபீவர்’ என்று எழுதினால், பையனுக்குக் காய்ச்சலா இல்லையா என்பது பெற்றவருக்கே தெரியாது என்றாகிவிடும். ‘மை சன் ஹேஸ் ஃபீவர்’ – நாலே வார்த்தை. டீச்சருக்கு அது போதும்.

3. ‘என்ற எண்ணத்தில்’ என்று தமிழில் சொல்லிப் பழகியதால் ‘இன் தி இம்ப்ரெஷன்’ என்று கை தானாக எழுதும். ‘இன்’ இல்லை, ‘ஆன்’ இல்லை, ‘அண்டர்’தான்.

4. இது நன்றாக உதவுகிற இடம் புகார்க் கடிதம். கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது என்று நம்பி வாங்கினீர்கள். பில்லில் கட்டணம் வந்து நிற்கிறது. ‘ஏமாற்றிவிட்டீர்கள்’ என்று ஆரம்பித்தால் சண்டைதான். ‘ஐ வாஸ் அண்டர் தி இம்ப்ரெஷன் தட் தேர் வாஸ் நோ ஆனுவல் ஃபீ’ என்று ஆரம்பியுங்கள். யார் மேலும் பழி போடாமல் விளக்கம் கேட்டது போலிருக்கும். ‘வாஸ்’ முக்கியம்: அப்போது அப்படி நினைத்தேன், இப்போது பில்லைப் பார்த்துவிட்டேன் என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது.

5. ‘யூ ஆர் அண்டர் எ ஃபால்ஸ் இம்ப்ரெஷன்’ என்பது இலக்கணப்படி சரி. ஆனால் எதிராளிக்கு முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். ‘யூ மே பி’ என்று ஆரம்பித்து, ‘ஃபால்ஸ்’ஐ எடுத்துவிட்டு ‘அண்டர் தி இம்ப்ரெஷன்’ என்று எழுதினால் பாதி சூடு தணியும். ‘கிவ்ஸ் எ ஃபால்ஸ் இம்ப்ரெஷன்’ வேறு கதை. உங்கள் பேச்சோ கணக்கோ பார்ப்பவரைத் தவறாக நினைக்க வைக்கிறது என்ற குற்றச்சாட்டு அது. சங்கத்தின் வரவு செலவு பற்றி எழுதும்போது யோசித்துப் போடுங்கள்.

6. ‘இம்ப்ரெஷன்’ எழுத்துக்கூட்டலில் ‘எஸ்’ இரண்டு.

7. அவசரத்தில் ‘அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். எழுத்துப்பிழை இல்லாததால் கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போடாது. குடிபோதையில் இருந்தேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும்!