ஸ்பேனரில் உள்ள எண் தெரியவில்லையா? கம்ப்யூட்டர் உதவும்!

கம்ப்யூட்டரோ லேப்டாப்போ வாங்கிய சில மாதங்களில், சிறிய ஸ்க்ரூ டிரைவர் செட் ஒன்றும் பலர் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ராம் கூட்ட வேண்டும், எஸ்.எஸ்.டி. மாற்ற வேண்டும், உள்ளே இருக்கும் ஃபேனில் தூசு தட்ட வேண்டும் என ஏதேனும் ஒரு வேலை வந்துவிடும். டப்பாவைத் திறந்தால் இருபது, முப்பது பிட்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் பிஎச்0, பிஎச்00, டி5, டி6 என அளவு பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் படிக்கத்தான் முடியாது.

சாம்பல் நிற இரும்பில் சாம்பல் நிற எழுத்து. அதுவும் கடுகு அளவு. சரி, ஏதோ ஒன்று என்று எடுத்துத் திருப்பினால் என்ன ஆகும்? லேப்டாப் அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலும் பிஎச்0 பொருந்தும். அதில் பிஎச்00 வைத்துத் திருப்பினால், பிட் உள்ளே ஆடும். இரண்டு முறை வழுக்கினால் ஸ்க்ரூவின் தலையில் உள்ள பள்ளம் மழுங்கிவிடும். அதன் பிறகு சரியான பிட்டை வைத்தாலும் பிடிக்காது. ஒரு சின்ன ஸ்க்ரூவுக்காக லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டில் இருக்கும் ஸ்பேனர், சாக்கெட், ஆலன் கீ எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 12 எம்.எம். நட்டில் 13 எம்.எம். ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் நட்டின் ஆறு முனைகளும் தேயும். அளவு தெளிவாகத் தெரிந்தால் இந்தத் தொல்லை இல்லை. தெளிவாகத் தெரிய வைக்க என்ன செய்யலாம் என்று இந்த மாதம் பார்ப்போம். இதில் பாதி வேலை பெயின்ட் டப்பாவில், மீதி வேலை உங்கள் கம்ப்யூட்டரில்.

எழுத்து சிறியது என்பதா பிரச்னை?

எழுத்து சிறிதாக இருப்பதால்தான் படிக்க முடியவில்லை என்று நினைப்போம். முழுக் காரணம் அதுவல்ல. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வேறுபாடு இல்லை என்பதுதான் பெரிய காரணம். இதைக் கம்ப்யூட்டர் உலகில் கான்ட்ராஸ்ட் என்கிறோம். இணையதளங்களை எல்லோரும் படிக்கும்படி அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை டபிள்யூ3சி அமைப்பு வெளியிடுகிறது. 2008-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் கான்ட்ராஸ்ட் இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் இந்த விகிதம் 21-க்கு 1. இரும்பில் குத்திய எழுத்துக்கு நிறமே கிடையாது. பள்ளத்தில் விழும் நிழலை வைத்துத்தான் நாம் படிக்கிறோம். எண்ணெயும் அழுக்கும் ஏறினால் அந்த நிழலும் போய்விடும்.

நாற்பது வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இது இன்னும் சிரமம். திரையில் எழுத்து சிறிதாக இருந்தால், விண்டோஸ் கீயுடன் பிளஸ் கீயை அழுத்த மேக்னிஃபையர் வந்துவிடும். ஸ்பேனருக்கு அப்படி ஒரு கீ இல்லையே!

முதலில் எண் என்னவென்று கண்டுபிடியுங்கள்

தேய்ந்துபோன எழுத்தைப் படிக்க மொபைல் கேமரா போதும். கருவியை மேஜை மேல் வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் இருந்து, ஏறக்குறைய மேஜையைத் தொடும்படி சாய்வாக அடியுங்கள். நேராக மேலிருந்து அடித்தால் இரும்பு பளபளக்கும், எழுத்து மறைந்துவிடும். சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் விழும். அப்போது படம் எடுங்கள்.

படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, விண்டோஸ் தரும் போட்டோஸ் புரோகிராமில் திறக்கவும். கண்ட்ரோல் + ஈ கீகளை அழுத்தினால் எடிட் பிரிவு கிடைக்கும். அங்கு அட்ஜஸ்ட்மென்ட் என்பதில் கான்ட்ராஸ்ட் ஸ்லைடரை வலது பக்கம் இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எண் பல நேரம் திரையில் தெரியும். இதிலும் தெரியவில்லை என்றால் வெர்னியர் காலிபரால் ஸ்பேனரின் வாயை அளந்துவிடுங்கள். வாய் குறித்த அளவைவிட மிகச் சற்றே அகலமாகத்தான் இருக்கும். நட் உள்ளே நுழைய வேண்டும் அல்லவா?

பழைய கருவிகளில் இஞ்ச் பின்னங்கள் இருக்கும். இவற்றை எம்.எம். ஆக்க, லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது எக்ஸெலில் ஒரு செல்லில் =5/16*25.4 என டைப் செய்து என்டர் தட்டவும். 7.9375 என விடை வரும், அதாவது 8 எம்.எம்.-ஐ ஒட்டியது. அதேபோல் 3/4 இஞ்ச் என்பது 19.05 எம்.எம். இது 19-க்கு மிக அருகில். ஆனால் 1/2 இஞ்ச் 12.7 எம்.எம்.; இது 13-ம் இல்லை, 12-ம் இல்லை. எல்லா இஞ்ச் அளவுக்கும் ஒரு எம்.எம். ஜோடி உண்டு என்று நம்பிவிடாதீர்கள். முன்னால் சமக் குறியைப் போட மறந்தாலும் சிக்கல்தான். வெறும் 1/2 என டைப் செய்தால் எக்ஸெல் அதைத் தேதியாக்கிவிடும்.

எண்ணுடன் டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் அது விட்வொர்த் அளவு. அதில் எழுதியிருப்பது போல்ட்டின் விட்டம், ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல. எனவே லேபிள் எழுதும்போது அந்த எழுத்தை விட்டுவிடக் கூடாது.

பள்ளத்தில் பெயின்ட்

எழுத்து ஆழமாகக் குத்தப்பட்டிருந்தால் அதை நிரப்புவதே சிறந்த வழி. முதலில் டூத் பிரஷால் தின்னர் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கை நீக்குங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ வேண்டாம். பிளாஸ்டிக் கைப்பிடி மேல் தின்னர் படக் கூடாது. அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். அங்கு சோப்புத் தண்ணீர் போதும்.

இப்போது எனாமல் பெயின்ட்டை எழுத்தின் மேல் தடவிப் பள்ளத்துக்குள் இறங்க விடுங்கள். சில நிமிடம் கழித்து, ஒரு பழைய ஏ.டி.எம். கார்டில் துணியை இறுக்கிச் சுற்றி, அதில் மிகக் கொஞ்சமாகத் தின்னர் தொட்டு, எழுத்தின் குறுக்காக ஒரே இழுப்பில் துடையுங்கள். மேலே உள்ளது போய்விடும், பள்ளத்தில் உள்ளது நிற்கும். துணி தளர்வாக இருந்தால் பள்ளத்துக்குள் புகுந்து எல்லாவற்றையும் எடுத்துவிடும். அதனால்தான் கார்டு. ஒரு நாள் முழுக்கக் காய விடவும்.

நிறத் தேர்வில் பலரும் கவனிப்பதில்லை. பளபளக்கும் குரோம் கருவிக்கு வெள்ளை பெயின்ட் போட்டால் பயன் இல்லை. கறுப்பு அல்லது அடர் சிவப்பு வேண்டும். கறுப்பு சாக்கெட்டுக்கு வெள்ளை. பெயின்ட் இல்லை என்றால் வீட்டில் உள்ள நெயில் பாலிஷ் கூடப் போதும். குழந்தைகளின் மெழுகு கிரேயானும் உதவும். கருவியை மதிய வெயிலில் வைத்து, சூடாக இருக்கும்போது தேய்த்துத் துடைத்தால் சுலபமாக நிரம்பும். ஆனால் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும்.

சில ஸ்பேனர்களில் எழுத்து பள்ளமாக இல்லாமல் புடைப்பாக இருக்கும். இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். பென்சில் அழிக்கும் ரப்பரின் தட்டையான பக்கத்தில் மெல்லிதாகப் பெயின்ட் தடவி, ரப்பர் ஸ்டாம்ப் போல் எழுத்தின் மேல் ஒற்றி எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். குரோம் முலாம் போய்த் துருப்பிடிக்கும்.

என் அப்பா முப்பது ஆண்டுகள் மோட்டார் ரீவைண்டிங் வேலை பார்த்தவர். இப்போது வெளி வேலைக்குப் போவதில்லை என்றாலும், தெருவில் யார் வீட்டு பம்ப் நின்றாலும் அவரிடம்தான் வருவார்கள். ஒவ்வொரு ஸ்பேனரையும் ட்யூப் லைட் அடியில் தூக்கிப் பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். முடியாவிட்டால் என்னைக் கூப்பிடுவார். நான் ஆபீஸ் போய்விட்டால் அவருடைய வேலையும் நின்றுவிடும். மொத்த செட்டுக்கும் பெயின்ட் அடிக்கிறேன் என்றபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"எல்லாத்துக்கும் எதுக்குடா? 6-7, 8-9 எல்லாம் கையில எடுத்தாலே தெரியும். 12-13-க்கும் 14-15-க்கும்தான் தகராறு. அதுக்கு மட்டும் போடு."

அவர் சொன்னது சரி. நீங்கள் குழம்பும் அளவுகள் எவை என்று பார்த்து அவற்றை மட்டும் குறித்தாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். எல்லாவற்றையும் குறித்தால் மறுபடியும் எல்லாம் ஒன்றுபோல்தான் தெரியும்.

கம்ப்யூட்டரில் லேபிள்

லேசரால் மேலோட்டமாகப் பொறித்த எழுத்தில் பெயின்ட் நிற்காது. அந்தக் கருவிகளுக்கு லேபிள்தான். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இதைத் தயாரிக்கலாம். எக்ஸெல் வேண்டாம், அதில் 8-9 என்று டைப் செய்தாலும் தேதிதான் வரும்.

ரைட்டரைத் திறந்து டேபிள் மெனுவில் இன்சர்ட் டேபிள் என்பதில் க்ளிக் செய்யவும். 4 காலம், 8 ரோ எனக் கொடுத்து உருவாக்கவும். பின்னர் டேபிள் மெனுவில் ப்ராபர்டீஸ் செல்லுங்கள். முதல் டேபில் அலைன்மென்ட் ஆட்டோமேட்டிக் என இருக்கும். அதை லெஃப்ட் என மாற்றினால்தான் விட்த் என்ற கட்டம் இயங்கும். அதில் 8 செ.மீ. எனக் கொடுத்து ஓகே தட்டவும். ஒவ்வொரு கட்டமும் 2 செ.மீ. அகலம் ஆகிவிடும். அடுத்து டேபிள் மெனுவில் செலக்ட், அதில் டேபிள் எனத் தேர்ந்தெடுங்கள். மறுபடி டேபிள் மெனுவில் சைஸ், அதில் ரோ ஹைட் சென்று 1 செ.மீ. தரவும். ஃபிட் டு சைஸ் என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடவும். டேபிள் செலக்ட் ஆகி இருக்கும்போதே எழுத்துரு வெர்டானா, அளவு 14, போல்ட் எனத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + ஈ அழுத்தினால் எண்கள் நடுவில் அமையும்.

வெர்டானா ஏன்? மேத்யூ கார்ட்டர் மைக்ரோசாஃப்ட்டுக்காக வடிவமைத்து 1996-ல் வெளிவந்த எழுத்துரு இது. அன்றைய மங்கலான திரைகளில் சிறிய அளவிலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காகவே எழுத்துகள் அகலமாகவும் இடைவெளி தாராளமாகவும் உள்ளன. 6, 8, 9 மூன்றும் குழம்பாது.

ஆனால் ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்தால் எந்த எழுத்துருவிலும் 6 என்பது 9 தான்! எனவே 6, 9 இரண்டுக்கும் கண்ட்ரோல் + யூ அழுத்தி அடிக்கோடு போடுங்கள். இரண்டு முனை ஸ்பேனருக்கு 10-11 எனச் சேர்த்து எழுதாமல், 10 தனியாகவும் 11 தனியாகவும் எடுத்து, அந்தந்த முனை அருகே ஒட்டுங்கள். இஞ்ச் அளவை 1/2 என டைப் செய்து ஸ்பேஸ் தட்டியதும், ஆட்டோ கரெக்ட் அதை ஒரே குட்டி எழுத்தாகச் சுருக்கிவிடும். உடனே கண்ட்ரோல் + இசட் அழுத்தினால் பழையபடி பெரிதாகிவிடும்.

வீட்டில் பிரிண்டர் இல்லையா? ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் என்பதில் பி.டி.எஃப். ஆக மாற்றி, பென் டிரைவில் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ரைட்டர் ஃபைலாகவே கொண்டு போனால் அங்குள்ள கம்ப்யூட்டரில் எழுத்துரு மாறிவிடலாம். ஏ4 ஸ்டிக்கர் ஷீட்டில், ஆக்சுவல் சைஸ் எனத் தேர்ந்தெடுத்து அச்சிடச் சொல்லுங்கள். ஃபிட் என்று இருந்தால் அளவு சுருங்கக்கூடும். முதலில் சாதாரணத் தாளில் ஒன்று எடுத்து, டேபிள் 8 செ.மீ. இருக்கிறதா என ஸ்கேலால் அளந்துவிட்டால் ஸ்டிக்கர் ஷீட் வீணாகாது. முடிந்தவரை லேசர் பிரிண்டர் நல்லது. சாதாரண இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் பரவும்.

வெட்டிய லேபிளை ஸ்பேனரின் நடுத்தண்டில், வாய்க்குச் சற்றுத் தள்ளி ஒட்டி, மேலே ட்ரான்ஸ்பரன்ட் செலோ டேப்பை ஒரு முழுச் சுற்றாகச் சுற்றுங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் ட்ரான்ஸ்பரன்ட் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் கிடைக்கும். ஸ்க்ரூ டிரைவர் தண்டுக்கு இது மிகப் பொருத்தம். மெழுகுவர்த்தியில் காட்டினால் கரி படிந்து லேபிள் கறுத்துவிடும். ஹீட் கன் வைத்திருப்பவரிடம் கொடுத்துச் சுருக்கிக் கொள்ளுங்கள்.

லேப்டாப் பிட்டுகளில் எதையும் ஒட்ட இடம் கிடையாது. டப்பாவில் ஒவ்வொரு பிட்டின் குழிக்கும் எதிரே லேபிள் ஒட்டுங்கள். எடுத்த பிட்டை அதே குழியில் வைத்தால் போதும். டிரில் பிட்டுகளுக்கும் இதே வழிதான். ஆலன் கீகளுக்கு வண்ண டேப் சுற்றலாம். ஆனால் வண்ணத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் நம்மிடையே உண்டு. எண்ணும் கூடவே இருக்கட்டும்.

தயாரித்த ஃபைலை அழித்துவிடாதீர்கள். எண்ணெய்க் கையால் எடுத்துப் புழங்கும்போது சில லேபிள்கள் கிழியும். அந்த எண்களை மட்டும் மறுபடி அச்சிட்டு ஒட்டிக் கொள்ளலாம்.