நெல் காயும் சாலையில் ஓட்டுநர் இல்லாத கார்

நம்பிக்கை: தானே ஓடும் கார் பெருநகரத்துச் சமாச்சாரம். புதுச்சேரியின் ஏம்பலத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

உண்மை: ஓட்டுநர்களின் பிழைப்பு போய்விடும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லேயே இதை எதிர்த்தார். ஆனாலும் ஐதராபாத் ஐஐடி வளாகத்தில் 2022-ல் இதற்கென்று சோதனைத்தளம் திறந்தாயிற்று. கார் எப்போது வந்தாலும் வரட்டும். வில்லியனூர், பாகூர் பக்கம் வயல்கள் மனைகளாகும்போது இன்று விடுகிற தெருவின் அகலத்தை நாளைக்குக் கூட்ட முடியாது.

நம்பிக்கை: காருக்குத்தான் கேமராவும் ரேடாரும் இருக்கிறதே, எந்தச் சாலையானாலும் சமாளித்துவிடும்.

உண்மை: உயிரைக் குடிக்கக்கூடிய நம்பிக்கை இது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை ஊபரின் சோதனைக் கார் மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 நொடி முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. வாகனமா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று மாற்றி மாற்றிக் கணித்தே நேரம் போனது. கோடு போடாத இடத்திலும் மனிதர் சாலையைக் கடப்பார் என்பதை அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நம் ஊரில் எல்லோரும் கடப்பது அப்படித்தான். அறுப்புக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். ஓரத்தில் காவலுக்குக் கல்லும் மரக்கிளையும் கிடக்கும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் தன் உருவமே தெரியாமல் வரும். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; களம் போதாமல்தானே நெல்லைச் சாலையில் கொட்டுகிறார்? ஆகவே திட்டமிடுவோரின் முதல் வேலை கணினி அறையில் இல்லை. ஊருக்கு ஊர் உலர்களம், தார்ச்சாலைக்கு வெள்ளை ஓரக்கோடு, நடக்க இடம், இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவில் வேகத்தடை: இவை வேண்டும். அந்தக் கார் வராமலே போனாலும், இன்றிரவு வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவரை இவை காக்கும்.

எல்லைச் சிக்கலும் உண்டு. புதுச்சேரி ஊர்களும் தமிழ்நாட்டு ஊர்களும் இங்கே கலந்து கிடக்கின்றன. ஒரே சாலை இரண்டு அரசுகளின் கையில் மாறி மாறிப் போகிறது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களோடு உட்கார்ந்து பேசாமல் ஒரே விதமான கோடும் பலகையும் வராது.

நம்பிக்கை: நெரிசல் தீர்ந்துவிடும்.

உண்மை: கலிபோர்னியாவில் 13 பேருக்கு இலவசமாக ஓட்டுநர் கொடுத்துப் பார்த்தார்கள், தானே ஓடும் காருக்கு ஒத்திகையாக. அவர்களுடைய கார்கள் ஓடிய தூரம் 83 விழுக்காடு கூடியது. ஆகவே இங்கே என்றைக்காவது அனுமதி தருவதென்றால், பலர் சேர்ந்து ஏறும் சிறு பேருந்துக்கே முதலில் தரவேண்டும். ஏம்பலத்திலிருந்து வில்லியனூர் ரயிலடிக்கு, கடைசி பஸ் போன பிறகும்.