கீர்கங்கா: விறகில்லாத வெந்நீர்ச் சூளை



தினமும் காளவாசல் ஸ்டாப்பில் இறங்குகிறோம். காளவாசல் என்றால் செங்கல், சுண்ணாம்பு சுடும் சூளை என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சூளை என்றால் விறகு வேணும், காவலுக்கு ஆள் வேணும். இரண்டும் இல்லாமல் இராப்பகலாக வெந்நீர் கொடுக்கிற ஒரு சூளையைக் கல்விச் சுற்றுலாவில் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு மெக்கானிக்கல் மாணவனாக எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

எங்கே இருக்கிறது?

இமாசலப் பிரதேசம், குல்லு மாவட்டம். பூந்தரில் இறங்கி, பார்வதி ஆற்றை ஒட்டியே பஸ்ஸில் போனால் மணிகரன் வரும். இன்னும் மேலே பர்ஷைனி. அதோடு ரோடு முடிந்தது. அப்புறம் சுமார் 12 கிலோமீட்டர் நடை. ஏறக்குறைய 2,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கீர்கங்கா. 2010-ல் உருவான தேசியப் பூங்காவுக்கும் இந்தப் பெயர்தான். 'கீர்' என்பது க்ஷீரம், அதாவது பால். வெள்ளையாக மிதந்து வரும் துகள்களால் தண்ணீர் பால் கலந்த மாதிரி தெரிகிறது. முருகன் (அங்கே கார்த்திகேயன்) தவம் செய்த இடம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லுகிறார்கள். திருப்பரங்குன்றத்துப் பக்கத்திலிருந்து போன எங்களுக்கு அதைக் கேட்டதும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது!

தண்ணீர் ஏன் சுடுகிறது?

பக்கத்தில் எரிமலை எதுவும் கிடையாது. பூமிக்குள் போகப் போக, சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடு கூடும். பூமி உருவானபோது மிச்சமான வெப்பம் ஒரு காரணம். பாறையிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவு இன்னொரு காரணம். மழைநீரும் பனி உருகிய நீரும் பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்கிச் சூடாகின்றன. சூடான நீர் லேசாகிவிடுவதால், வேறொரு வெடிப்பு வழியாகச் சட்டென்று மேலே ஏறி வருகிறது.

அப்படியானால் மதுரையில் ஏன் இல்லை? நம் காலடியிலும் சூடு இருக்கத்தான் செய்கிறது. ஆயிரம் அடி போர்வெல் தண்ணீர் வெதுவெதுப்பாக வருவது அதனால்தான். ஆனால் நம்முடையது மிகப் பழைய, அடங்கிப்போன பாறை. இமயமலையோ இன்னும் நெருக்குப்பட்டு உயர்ந்துகொண்டிருக்கிற மலை. ஆழமான வெடிப்புகள் அங்கேதான் அதிகம்.

மணிகரன் சமையல்

மணிகரன் குருத்வாராவில் அரிசியைத் துணியில் முடிந்து ஊற்றில் போட்டு வேக வைக்கிறார்கள். "டேய் மாப்ள, கேஸ் செலவே இல்லடா!" என்றான் ஒருவன். இங்கே ஒரு கணக்கு. மணிகரனின் உயரம் சுமார் 1,760 மீட்டர். காற்றழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதிக்கும். கீர்கங்கா உயரத்தில் 90 டிகிரி போதும்.

கரண்ட் எடுக்க முடியாதா?

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உண்டு. மணிகரனில் 5 கிலோவாட் சோதனை நிலையம் ஒன்றை இயக்கிப் பார்த்திருக்கிறார்கள். 90 டிகிரி நீரையும் 20 டிகிரி குளிர்நீரையும் வைத்துக் கார்னோ சூத்திரத்தைப் போடுங்கள்: 1 − 293/363. விடை 19 சதவீதம். இது வெறும் மேல்வரம்புதான். நடைமுறையில் பாதிகூடத் தேறாது. அதனால்தான் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் வேறொரு திரவத்தைச் சூடாக்கி அதைக் கொண்டு டர்பைனைச் சுற்ற வைக்கிறார்கள்.

வானவில் நிறத்தில் ஓர் ஊற்று

1872-ல் அமைந்த உலகின் முதல் தேசியப் பூங்கா அமெரிக்காவின் யெல்லோஸ்டோன். அங்குள்ள கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்று நடுவில் நீலம். சுற்றிலும் மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு வளையங்கள். யாரும் பெயின்ட் அடிக்கவில்லை! நடுவில் சூடு அதிகம் என்பதால் நுண்ணுயிர்கள் குறைவு, தெளிந்த நீரின் நீலம் தெரிகிறது. ஓரத்துக்கு வர வர சூடு தணிகிறது. ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு வகை நுண்ணுயிர், ஒவ்வொரு நிறம்.

அந்தப் பூங்காவின் வெந்நீரிலிருந்துதான் தாமஸ் பிராக் என்பவரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 1969-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அதன் நொதி சூட்டில் கெடாது. அந்த நொதிதான் பிசிஆர் சோதனையை எளிதாக்கியது. 2020-ல் நம் மூக்கில் குச்சி விட்டுக் கொரோனா பார்த்தார்களே, அந்தச் சோதனை! படிக்கிற மாணவன் ஒருவன் வெந்நீர்க் குட்டையை உற்றுப் பார்த்ததன் பலன் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருடம் போகிறவர்களுக்கு

யெல்லோஸ்டோனில் மார்னிங் குளோரி என்றொரு நீல ஊற்று. வந்தவர்கள் காசும் குப்பையும் போட்டுப் போட்டு, ஊற்றுக்கண் அடைத்து, சூடு குறைந்து, நிறமே மாறிவிட்டது. கீர்கங்காவிலும் ஷாம்பு பாக்கெட்டும் நூடுல்ஸ் உறையும் கிடந்ததைப் பார்த்தேன். அவற்றில் ஒன்றுகூட நம்முடையதாக இருக்கக் கூடாது.

இன்னொன்று, இது உயிர் விஷயம். 2016-ல் யெல்லோஸ்டோனில் நடைபாதையை விட்டு விலகிப் போன 23 வயது இளைஞர் வெந்நீர்க் குழியில் விழுந்து இறந்தார். மறுநாள் தேடியபோது உடலே கிடைக்கவில்லை. நம் வயதுதான். மணிகரனில் குளிக்கும் தொட்டி வேறு, கொதிக்கும் ஊற்று வேறு. வேலி போட்ட இடத்தில் செல்ஃபிக்காகக் கால் வைக்காதீர்கள், நண்பனையும் வைக்க விடாதீர்கள்.

போய் வாருங்கள். ஒரு தெர்மாமீட்டரும் நோட்டும் கையோடு கொண்டுபோங்கள். குளிக்கும் தொட்டியில் அளந்த சூட்டைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த மலரில் அந்தக் கணக்கை நீங்கள் எழுத வேண்டும்.