பழவேற்காட்டுப் பறவைகள்: காணும் முறை



மழைக்காலம் ஓய்ந்து தை பிறந்ததும் பழவேற்காட்டில் பறவைகளின் காலம் தொடங்குகிறது. கரையான்சாவடியிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 20 கிலோமீட்டர். மகிமை மாதா கோயிலைத் தரிசிக்க நம்மில் பலர் அங்கே போயிருக்கிறோம். எனினும் கோயிலைக் கண்டு, கடலில் கால் நனைத்து, மீன் வாங்கித் திரும்பியவர்களே அதிகம்; ஏரியை நின்று பார்த்தவர்கள் சிலரே. ஆகையால் இவ்வாரம் அதைப் பற்றிப் படிப்போம்.

ஏரி எத்தகையது?

இது மழைநீர் மட்டும் தேங்கும் செம்பரம்பாக்கம் போன்ற ஏரியன்று. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே கிடக்கும் உப்பங்கழி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திராவிலும், தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. ஆரணியாறு முதலிய ஆறுகள் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. இரண்டும் கலப்பதால் இறாலும் மீன்குஞ்சும் புழுவும் நண்டும் பெருகுகின்றன. மீனவர் குடும்பங்களும் பறவைகளும் இதைக்கொண்டே பிழைக்கின்றன. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் இரு திறத்தாருக்கும் நஷ்டம். ஆந்திர அரசு 1976-லும், தமிழக அரசு 1980-லும் தத்தம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன.

வருகிறவை யாவை?

பூநாரையைத் தூரத்திலிருந்தே அறியலாம். நான்கு அடிக்கு மேல் உயரம், நீண்ட சிவந்த கால், வளைந்த அலகு. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் அமிழ்த்தி, நாக்கினால் நீரை இழுத்து வெளியேற்றும். அலகின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற விளிம்பில் சிற்றுயிர்கள் தங்கிவிடும். அந்த இரையிலுள்ள நிறப்பொருளே இறகுக்குச் சிவப்பைத் தருகிறது. ஆகவேதான் இளம் பறவைகள் சாம்பல் நிறமாயிருக்கின்றன. குஜராத்தின் கட்ச் உப்புவெளி இவை கூடு கட்டும் பேர்பெற்ற இடம்.

இதற்கு நேர்மாறு கொசு உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான், எடை சுமார் 25 கிராம். இது ருஷ்யாவின் வடகோடியில், மரமே வளராத பனிநிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் கரைக்கு வருகிறது. வெயில் முற்றியதும் அதே வழியே திரும்பவேண்டும்.

கலைத்தால் என்ன கேடு?

இதுவே இப்பாடத்தின் முக்கியப் பகுதி, கவனமாய் வாசியுங்கள். திரும்பும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைப் பறவை இங்கே தின்றுதான் உடலில் சேர்க்கிறது. அதுவே அதன் வழிச்செலவுப் பணம். நாம் கையைத் தட்டி, கல்லெறிந்து, கூட்டத்தைக் கிளப்பினால் அது மேயும் நேரமும் போகிறது, சேர்த்த கொழுப்பும் செலவாகிறது. வேடிக்கை பார்ப்போருக்கு அது ஒருமுறைதான். ஆனால் ஒரே நாளில் பத்துக் கூட்டத்தார் அவ்விதம் செய்தால் பறவையின் வரவு எங்கே, மிச்சம் எங்கே?

படம் பிடிப்பதற்காகப் படகோட்டிக்குக் காசு கொடுத்துப் பூநாரைக் கூட்டத்துள் படகை விடச் சொல்வோர் உண்டு. அவ்விதம் செய்யாதீர்கள். படகில் மனிதருக்கும் ஆபத்துண்டு. 2011 டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் அன்றே, பழவேற்காட்டில் உல்லாசமாய்ச் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கரையில் நின்றே நன்றாய்ப் பார்க்கலாம்.

பார்ப்பது எப்படி?

முதலாவது, காலம். மழை முடிந்த உடனே தண்ணீர் ஆழமாயிருக்கும். அது வடிந்து சேறு வெளிப்படும் ஜனவரி முதல் மார்ச் வரை செல்வது நலம். விடியற்காலையே ஏற்ற நேரம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள்.

இரண்டாவது, தூரம். மேய்ந்துகொண்டிருந்தவை ஒருமிக்கக் கழுத்தை நிமிர்த்தினால் நீங்கள் மிகவும் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். உடனே நின்று, சில அடி பின்வாங்குங்கள். அவை மறுபடி தலை கவிழ்த்தால் அதுவே சரியான தூரம்.

மூன்றாவது, எண்ணிக்கை. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று மனத்தில் கொள்ளுங்கள். கூட்டம் முழுவதிலும் அப்படி எத்தனை பத்துகள் உண்டு என்று பார்த்துத் தேதியுடன் குறித்துக்கொள்ளுங்கள். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் உங்களைப் போன்ற சாதாரண மக்களும் சேர்ந்து உழைக்கிறார்கள்.

நான்காவது, கொண்டுபோன பிளாஸ்டிக் பையையும் பாட்டிலையும் வீட்டுக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். மீனவரின் வலைகளை மிதிக்காதீர்கள்.

வீட்டில் பிள்ளைகளிடம் கேட்க:

1. பழவேற்காடு ஏரிக்கும் செம்பரம்பாக்கம் ஏரிக்கும் வித்தியாசம் என்ன?
2. பூநாரைக்குச் சிவப்பு நிறம் எதனால் உண்டாகிறது?
3. நாம் நெருங்கிவிட்டோம் என்பதைப் பறவை எவ்விதம் நமக்குத் தெரிவிக்கிறது?

மூன்றாம் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளையை முன்னே நடக்கவிட்டு, நீங்கள் பின்னே செல்லுங்கள்.